பள்ளி திறந்தது, வீட்டுச் செய்தி என்ன?



நீண்ட விடுமுறை கழிந்து நம் பிள்ளைகள் மீண்டும் பள்ளிக்கூடத்திற்குச் செல்லத் தொடங்கியிருக்கிறார்கள். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் 2026ஆம் ஆண்டின் பள்ளித் தவணை ஜனவரி 12ஆம் நாள் திங்கட்கிழமை தொடங்கியது. 2022 முதல் 2024 வரை மார்ச் மாதத்திலும், 2025இல் பிப்ரவரியிலும் தொடங்கிய தவணை, பழைய வழக்கப்படி மறுபடியும் ஜனவரிக்கே வந்துவிட்டது. பள்ளி திறந்த அதே வாரத்தில் வியாழக்கிழமை பொங்கல். பிப்ரவரி முதல் நாள் தைப்பூசம். சீருடை, காலணி, பொங்கல் பானை, நேர்த்திக்கடன் என்று செலவெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கும் காலம் இது. இந்த நெருக்கடியில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி வைத்ததோடு நம் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பே. ஆனால் அது முடிந்துவிடுகிறதா? இதைத்தான் இன்றைய உரையில் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

உலகத்தில் எந்த நாட்டுப் பள்ளிக்கும் நீண்ட விடுமுறை உண்டு. குளிர்நாடுகளிலும் பெரும்பாலும் கோடையில்தான் விடுகிறார்கள். தமிழ்நாட்டில் கோடை வெயிலில் விடுகிறார்கள். நமக்கோ ஆண்டிறுதி மழைக்காலத்தில் விடுமுறை வருகிறது. எந்தக் காலத்தில் வந்தாலும், அந்த நாட்களில் வீடு சும்மா இருப்பதில்லை. ஒரு வீட்டில் அக்காளுக்குத் திருமணம் ஆகிறது. இன்னொரு வீட்டில் தம்பி பிறக்கிறான். ஒரு வீட்டில் பாட்டி காலமாகிறார். ஒரு குடும்பம் தோட்டத்து லயத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடி பெயர்கிறது. அப்பாவுக்கு வேலை போகிறது. அல்லது இரவு வேலை கிடைக்கிறது. பள்ளி திறக்கும் நாளில் வகுப்பறையில் வந்து உட்காரும் பிள்ளை, சென்ற ஆண்டு விடுமுறைக்குப் போன அதே பிள்ளையன்று. பெயர் அதுதான், முகம் அதுதான், ஆனால் அந்தப் பிள்ளையின் வீடு மாறியிருக்கிறது.

இந்த மாற்றம் ஆசிரியருக்குத் தெரியுமா? யார் சொன்னது?

முன்பு இதை யாரும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோட்டப் பள்ளிகள் எப்படித் தோன்றின என்பதைச் சற்று நினைத்துப் பார்ப்போம். நம் நாட்டில் தமிழ் வகுப்பு 1816ஆம் ஆண்டிலேயே பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பரவலாகக் கிடைத்தது தொழிலாளர் சட்டத்தின் வழியாகத்தான். பள்ளி செல்லும் வயதில் பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாமல் இருந்தால், தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்படி எழுந்த பள்ளிகளில் பல ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்ற நிலையில்தான் இருந்தன. குறை நிறைய உண்டு. புத்தகம் போதாது, கட்டடம் போதாது, கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்களும் போதாது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை.

ஆயினும் அங்கே ஒரு வசதி இருந்தது. பள்ளி லயத்தின் பக்கத்திலேயே இருந்தது. விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் யார் நின்றார், யார் நிற்கவில்லை என்பது தோட்டம் முழுவதற்கும் தெரியும். ஆயாக்கொட்டகையில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதும் தெரியும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மறுநாள் ஆசிரியரும் அந்த வாசலில் நிற்பார். ஆகவே ஒரு பையன் வகுப்பில் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தால், ஏன் என்று அவர் கேட்க வேண்டியதில்லை.

இன்று நிலை என்ன? கிள்ளான் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாயின. அவற்றிலும் பல பின்னர் வீடமைப்புப் பகுதிகளாயின. சுபாங் ஜெயாவில் சீஃபீல்டு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பண்டார் உத்தாமாவில் எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சீஃபீல்டு என்பதும் எஃபிங்ஹாம் என்பதும் தோட்டங்களின் பெயர்கள். மரம் போயிற்று, லயம் போயிற்று, பெயரைப் பள்ளிதான் தாங்கி நிற்கிறது. பிரிக்பீல்ட்சில் ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் நிறைந்திருந்த காலத்தில் பிள்ளைகள் நடந்தே பள்ளிக்குச் சென்றார்கள். இன்று அங்கே வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. பல பிள்ளைகள் தொலைவிலிருந்து வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் வருகிறார்கள். கிள்ளானில் உள்ள சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்று. அத்தனை பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஒவ்வொரு வீட்டின் கதையும் ஆசிரியருக்குத் தானாக எப்படித் தெரியும்? மறுபுறம், நாட்டில் உள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவை 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட சிறிய பள்ளிகள். அங்கேகூட ஆசிரியர் பெரும்பாலும் வேறோர் ஊரிலிருந்து காரில் வந்து, வேலை முடிந்து திரும்பிவிடுகிறார்.

லயத்தில் தானாகத் தெரிந்த செய்தியை இன்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதுவே இன்று நாம் கூற வந்த கருத்து. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். காப்பார்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்ந்த குடும்பம். டிசம்பர் மாதத்தில் லயத்தைக் காலி செய்து, மலிவு விலை அடுக்குமாடியில் நான்காம் மாடிக்குக் குடி வந்துவிட்டார்கள். அப்பாவுக்கு இரவுக் காவல் வேலை. அம்மாவுக்குத் தொழிற்சாலை வேலை. விடியுமுன்னே தொழிற்சாலைப் பேருந்து வந்துவிடும். மகன் மூன்றாம் ஆண்டில் படிக்கிறான். பழைய பள்ளியை மாற்ற மனமில்லை. ஆகவே வேன் ஏற்பாடு. அந்த வேன் பல இடங்களில் பிள்ளைகளை ஏற்றுவதால், இவனை ஐந்தேகாலுக்கே ஏற்றிக்கொள்கிறது. இரவில் புது வீட்டின் சத்தத்தில் அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. காலையில் வெறும் வயிறு. இரண்டாம் பாட வேளையில் தலை மேசையில் சாய்ந்துவிடுகிறது.

ஆசிரியர் என்ன நினைப்பார்? விடுமுறையில் இரவெல்லாம் கைப்பேசியில் விளையாடிப் பழகிவிட்டான் என்று நினைப்பார். “வகுப்பில் தூங்குகிறான், கவனிக்கவும்” என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி அனுப்புவார். அப்பா என்ன நினைப்பார்? “நான் கண் விழித்துச் சம்பாதித்துப் படிக்க வைக்கிறேன், நீ அங்கே போய்த் தூங்குகிறாயா?” என்று கையை ஓங்குவார். ஆசிரியர் எழுதியதும் பொய்யன்று. அப்பா பட்ட வேதனையும் பொய்யன்று. ஆனால் இருவருக்கும் நடுவில் அடி வாங்கியது யார்? மூன்றாம் ஆண்டுப் பையன். சில வாரங்களில் அவன் பள்ளியை வெறுக்கத் தொடங்குவான். வயிற்றுவலி என்பான். தலைவலி என்பான். ஒருநாள் வேனைத் தவற விடுவான். பிறகு அது வழக்கமாகிவிடும்.

இதே வீட்டில், பள்ளி திறந்த முதல் வாரத்தில் அம்மா ஐந்து நிமிடம் ஆசிரியரிடம் பேசியிருந்தால்? “ஐயா, நாங்கள் வீடு மாறிவிட்டோம். அவன் ஐந்து மணிக்கே கிளம்புகிறான். காலையில் பசியாற நேரமில்லை” என்று சொல்லியிருந்தால்? ஆர்.எம்.டி. எனப்படும் துணை உணவுத் திட்டத்தில் அவன் பெயரைச் சேர்க்க முடியுமா என்று பள்ளி பார்த்திருக்கும். ஆசிரியர் அவனை முன் வரிசையில் உட்கார வைத்திருப்பார். அந்த வழியில் வரும் வேறு வேன்காரரைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒன்றும் முடியாவிட்டாலும், பையன் தூங்கும்போது அதட்டுவதற்கு முன் அவர் ஒருமுறை யோசித்திருப்பார். ஐந்து நிமிடப் பேச்சுக்கு இவ்வளவு பலன் உண்டு.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். விடுமுறை முடிந்ததும் பல வகுப்புகளில் “என் விடுமுறை” என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள். ஒரு பிள்ளை லங்காவிக்குப் போனதை எழுதும். ஒரு பிள்ளை கேமரன் மலைக்குப் போனதை எழுதும். எங்கும் போகாத பிள்ளை என்ன செய்யும்? பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து, தானும் கேமரன் மலைக்குப் போனதாக எழுதிவிடும். பொய் சொல்ல வேண்டும் என்ற ஆசையால் அன்று. தன் வீட்டில் நடந்தது எழுதத் தகுந்ததன்று என்ற எண்ணத்தால். தாய்மார்களே, இந்த எண்ணத்தை மாற்ற வேண்டியவர்கள் நாம்தான். பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்தது கட்டுரையாகாதா? அப்பாவோடு செம்பனைக் காட்டுக்குப் போய், உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டது கட்டுரையாகாதா? தம்பிக்குப் பெயர் வைத்த நாள் கட்டுரையாகாதா? லங்காவிக்குப் போன பிள்ளைக்கும் தெரியாத செய்திகள் இவை. “உன் வீட்டில் நடந்ததை எழுது, அதுதான் உனக்கு நன்றாகத் தெரியும்” என்று நாம் பிள்ளைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

துக்கச் செய்தியும் அப்படித்தான். பால்மரம் வெட்டப் போகும் பெற்றோர், பிள்ளையைப் பாட்டியிடமே விட்டு வளர்த்திருப்பார்கள். டிசம்பரில் அந்தப் பாட்டி காலமாகிவிட்டார். ஐந்தாம் ஆண்டில் படிக்கும் அந்தப் பெண் பிள்ளை, கட்டுரைத் தாளை வெறுமையாகக் கொடுத்துவிடுகிறாள். பாட்டி இறந்தது தெரியாத ஆசிரியர் அதை அலட்சியம் என்றுதானே எடுத்துக்கொள்வார்? 2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருவெள்ளம் வந்தது. ஷா ஆலம் ஸ்ரீ மூடா பகுதியில் வீடுகள் மூழ்கின. அப்போது புத்தகமும் சீருடையும் இழந்த பிள்ளைகளைப் பற்றி எல்லாரும் அறிந்தோம், உதவியும் வந்தது. ஊருக்கே வந்த வெள்ளம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஒரு வீட்டுக்குள் மட்டும் வந்த துன்பம், அந்த வீட்டார் சொன்னாலொழிய வெளியே தெரியாது.

இனி, படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. விடுமுறைக்குப் பின் பிள்ளை வாசிப்பில் தடுமாறினால், “இவனுக்கு மூளை இல்லை” என்று சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளை கார்ல் அலெக்சாண்டர், டோரிஸ் என்ட்விசில் என்னும் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்கள் கண்டது என்ன? பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழை வீட்டுப் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறினார்கள். நீண்ட விடுமுறையில்தான் வித்தியாசம் விரிந்தது. வசதியான வீட்டில் புத்தகம் இருந்தது, பேச ஆள் இருந்தது. ஏழை வீட்டில் அவை குறைவு. ஆகவே குறை பிள்ளையின் மூளையில் இல்லை. பள்ளி நாட்கள் தவறாமல் கிடைத்தால் நம் பிள்ளையும் ஏறி வருவான் என்பதே இதில் நாம் கொள்ள வேண்டிய நம்பிக்கை.

பள்ளி நாட்கள் தவறாமல் கிடைத்தால் என்று சொன்னோம். இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. வீட்டில் புதுக் குழந்தை பிறந்திருக்கிறது. அம்மாவுக்கு வேலைக்குப் போக வேண்டும். “இன்றைக்கு மட்டும் நீ வீட்டில் இரு” என்று பத்து வயது அக்காளை நிறுத்துகிறோம். வாரத்தில் ஒருநாள்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளி ஆண்டுக்கு ஏறத்தாழ நாற்பது வாரம். வாரம் ஒருநாள் நின்றால் நாற்பது நாள்; அதாவது எட்டுப் பள்ளி வாரம். ஆறு ஆண்டும் இப்படியே போனால் நாற்பத்தெட்டு வாரம். ஒரு முழுப் பள்ளி ஆண்டையே அந்தப் பெண் பிள்ளை இழந்துவிடுகிறாள்! ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. வகுப்பறையிலேயே பிள்ளையின் அடைவு நிலை 1 முதல் 6 வரை மதிப்பிடப்படுகிறது. ஆகவே கடைசி மாதத்தில் விழுந்து விழுந்து படித்து ஈடுகட்டலாம் என்ற பழைய எண்ணம் உதவாது. ஒவ்வொரு நாளும் கணக்கில் சேரும் நாள்.

தொடக்கக்கல்வி 2003ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் கட்டாயம். பாடநூல் இரவல் திட்டம் 2008 முதல் எல்லா மாணவர்க்கும் உண்டு. 2023 முதல் 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவித்தொகை, பெற்றோரின் வருமானத்தைப் பார்க்காமல் வழங்கப்படுகிறது. சட்டமும் உதவியும் பிள்ளையைப் பள்ளி வாயில் வரைக்கும் கொண்டுவந்து விடும். அதற்கு அப்பால் பிள்ளை தொடர்ந்து நடக்க, வீடும் பள்ளியும் பேசிக்கொள்ள வேண்டும்.

என்ன பேசுவது? முதலாவது, வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் மாறியிருந்தால் உடனே சொல்ல வேண்டும். அவசர நேரத்தில் பழைய எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருந்தால் என்ன பயன்? இரண்டாவது, பள்ளி விட்ட பிறகு பிள்ளையை யார் அழைத்துப் போகிறார், யார் பார்த்துக்கொள்கிறார் என்பதைச் சொல்ல வேண்டும். மூன்றாவது, பிறப்பு, இறப்பு, அப்பா அம்மா பிரிந்திருப்பது, வேலை இழப்பு போன்ற பெரிய மாற்றம் எதுவானாலும் சுருக்கமாகச் சொன்னால் போதும். சண்டையின் முழுக் கதையும் வேண்டாம். நான்காவது, பிள்ளையின் உடல்நலம். கண் மங்கலாகத் தெரிகிறதா, ஆஸ்துமா இருக்கிறதா, மருந்து உண்டா என்பதைச் சொல்ல வேண்டும்.

“நாங்கள் படிக்காதவர்கள், ஆசிரியரிடம் போய் என்ன பேசுவது?” என்று தயங்குகிறவர்கள் உண்டு. ஐயா, அம்மா, உங்கள் பிள்ளையைப் பற்றி உங்களைவிடப் படித்தவர் யார்? நேரில் போக விடுப்புக் கிடைக்காவிட்டால் நான்கு வரி எழுதிக் கொடுத்தனுப்பலாம். ஆசிரியருக்குத் தனியாகக் குரல் பதிவு அனுப்பலாம். ஆனால் ஒன்று. வகுப்புக்குரிய வாட்ஸ்அப் குழுவில் குடும்பச் செய்தியைப் போட வேண்டாம். அங்கே நாற்பது வீட்டார் படிப்பார்கள். மறுநாள் பிள்ளையின் காதில் அது கேலியாக வந்து விழும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெற்றோர் நம்பிச் சொன்னதை ஆசிரியர் அறையில் பேச்சாக்க வேண்டாம். வகுப்பில் தூங்கும் பிள்ளையிடம், “ஏன் தூங்குகிறாய்?” என்பதற்கு முன், “காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள். 2020ஆம் ஆண்டு மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கைப்பேசி வழியாக வீட்டுக்குள் வந்தது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டதை ஆசிரியர்கள் அன்று கண்ணால் கண்டார்கள். அன்று திறந்த அந்தக் கதவு, பள்ளி திறந்ததும் அடைத்துப் போக வேண்டுமா?

நேயர்களே, செய்தி வீட்டிலிருந்து பள்ளிக்குப் போனால் மட்டும் போதாது. பள்ளியிலிருந்தும் வீட்டுக்கு வர வேண்டும். மாலையில் பிள்ளை வந்ததும் “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்கிறோம். “ஒன்றும் இல்லை” என்ற பதில்தான் வருகிறது. கேள்வியை மாற்றிப் பாருங்கள். “உன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்? ஓய்வு நேரத்தில் யாரோடு சாப்பிட்டாய்? இன்று ஆசிரியர் எதற்குச் சிரித்தார்?” என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். சோறு ஆக்கிக்கொண்டே கேட்கலாம்; துணி மடித்துக்கொண்டே கேட்கலாம். அதற்குத் தனிப் படிப்பு தேவையில்லை.

ஆகவே இந்த வாரம் ஒரு வேலை செய்வோம். விடுமுறையில் நம் வீட்டில் என்ன மாறியது என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்போம். பிள்ளையின் நாளை அது எப்படி மாற்றியிருக்கிறது என்று யோசிப்போம். அதில் ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவோ, அதை இந்த வாரமே அவர் காதில் போட்டுவைப்போம். தோட்டத்து லயத்தில் ஒருவர் வீட்டுச் செய்தியை மற்றவர் அறிந்து, ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொண்டுதான் நாம் வளர்ந்தோம். லயம் போய்விட்டது, அந்தப் பழக்கமும் அதோடு போய்விட வேண்டியதில்லை.